கருவாட்டுக்கு வந்த நரி

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பெட்ரோலுக்குக் கூப்பன், மண்ணெண்ணெய்க்கு வரிசை, அரிசிக்கு அலைச்சல் என்று எதைத் தொட்டாலும் தட்டுப்பாடு. அப்படிப்பட்ட ஒரு மாசி மாதத்தில், மீமிசலுக்குப் பக்கத்துக் கடற்கரையில் எனக்கு இது நடந்தது. ஊர் உலகம் அப்படிக் கிடக்கும்போது நானும் என் வீட்டுக்காரரும் காரை எடுத்துக்கொண்டு கடலோரமாகக் கிளம்பினோம், காரிலேயே படுத்துத் தூங்கினோம் என்றால் இப்போது யாரும் நம்புவதில்லை. நம்பாதவர்கள் போகட்டும். நாங்கள் போனது போனதுதான்.

என் வீட்டுக்காரருக்குப் புதுக்கோட்டையில் மோட்டார் பட்டறை. பெட்ரோல் அருகிப்போனதும் பஸ்ஸுக்கும் காருக்கும் கரி அடுப்பு மாட்டிக் கொடுக்கிற வேலை அவருக்கு ஓயாமல் வந்தது. கரி அடுப்பு என்றால் வேறொன்றுமில்லை. வண்டியின் பின்புறம் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளை நிற்கும். மேலே மூடியைத் திறந்து மரக்கரியைக் கொட்டி, அடியில் நெருப்பு வைத்து, பக்கத்தில் இருக்கும் கைவிசிறியைச் சுற்ற வேண்டும். கரி கனிந்ததும் அதிலிருந்து வருகிற வாயு குழாய் வழியாக எஞ்சினுக்குப் போய் வண்டியை ஓட்டும். ஓட்டும் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். மேடு வந்தால் நாங்கள் இறங்கித் தள்ளுவோம்.

எங்கள் கார் யாரோ ஒரு பெரிய மனுஷர் வேண்டாம் என்று தள்ளிவிட்டுப் போனது. கூரை கித்தான் துணி, பக்கவாட்டில் பொத்தான் போட்டு மாட்டுகிற கித்தான் திரை. அந்தக் காரைக் கழற்றி மாட்டி, அதற்கும் ஒரு கரி அடுப்பைக் கட்டி வைத்திருந்தார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்குக் கல்யாணமாகி வருஷங்கள் ஓடியிருந்தன. பிள்ளை இல்லை. போகாத கோயில் இல்லை, தின்னாத மருந்து இல்லை. என் மாமியார் கெட்டவர் கிடையாது. எனக்குத் தலைவலி என்றால் அவரே பற்றுப் போட்டுவிடுவார். ஆனால் ஒரே மகன், வம்சம் நிற்க வேண்டும் என்ற கவலை அவரைப் பிடித்து ஆட்டியது. கீரமங்கலத்துப் பக்கம் தூரத்து உறவில் ஒரு பெண்ணை மகனுக்கு இரண்டாம் தாரமாகப் பார்த்து வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் இந்த மாதிரிக் காரியத்துக்கு ஒரு முறை உண்டு. மூத்தவள் தன் வாயால் "சரி" என்று சொல்லி, அவளே முன்னால் போய்ப் பெண் கேட்டால்தான் பெண் வீட்டில் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் தங்கள் பெண் போகிற வீட்டில் நிம்மதியாக வாழமாட்டாள் என்ற பயம் அவர்களுக்கு. ஆக, என் வாயிலிருந்து வர வேண்டிய ஒரு வார்த்தைக்காக இரண்டு குடும்பங்கள் காத்திருந்தன. என்னிடம் அதைக் கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான்.

தேவிபட்டினத்துக் கடலில் முழுகி நவக்கிரகக் கல்லைச் சுற்றி வந்தால் பிள்ளை பிறக்கும் என்று சொல்வார்கள். அந்த ஒரு வேண்டுதல் பாக்கி இருந்தது. போய் வரச் சொன்னது மாமியார்தான். கிளம்புவதற்கு முந்தின நாள் நான் அடுப்படியில் புளிச்சோறு கட்டிக்கொண்டிருந்தபோது, கொல்லையில் அவர் மகனிடம் பேசியது என் காதில் விழுந்தது.

"கடல்ல முழுகி எந்திரிச்சதும் அவகிட்ட கேட்டுருய்யா. அப்ப அவளுக்கு மனசு எளகியிருக்கும்."

என் வீட்டுக்காரர் "ம்" என்றார். அந்த ஒரு "ம்" எனக்குப் போதுமானதாக இருந்தது. புளிச்சோற்றில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

அவரோ அந்தப் பயணத்துக்காக என்னென்னவோ செய்திருந்தார். முன் சீட்டின் சாய்மானத்துக்குக் கீல் வைத்து, மடக்கினால் பின் சீட்டோடு சேர்ந்து கட்டில் மாதிரி ஆகும்படி பண்ணியிருந்தார். தலையணைக்கு இலவம்பஞ்சு. தண்ணீருக்குப் பானை வைக்க மரச்சட்டம். சத்திரத்தில் போய் மூட்டைப்பூச்சியோடு படுக்க வேண்டாம், கடற்கரையிலேயே நிறுத்திப் படுத்துக்கொள்ளலாம் என்றார். வேறு சமயமாக இருந்தால் எனக்குத் தலைகால் புரிந்திருக்காது. அன்றைக்கு, வெட்டப்போகிற ஆட்டுக்கு மாலை போடுகிறார் என்றுதான் பட்டது.

விடிந்ததும் கிளம்பினோம். அறந்தாங்கிக்கு முன்னால் சமஸ்தான எல்லையில் இருந்த சாவடிக்காரர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். மெத்தை, தலையணை, பானை, கரி மூட்டை எல்லாம் இருந்தன. "குடும்பத்தோட குடிபெயர்ந்து போறீகளோ?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. என் வீட்டுக்காரர் மட்டும் பெருமையாகச் சீட்டை மடக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

வழியில் ஒரு கண்மாய்க் கரையில் நடு ரோட்டில் ஓர் உடும்பு படுத்திருந்தது. ஹாரன் அடித்தார், எழுந்திருக்கவில்லை. இறங்கிப் போய்க் கையைத் தட்டினார். அது தலையைத் தூக்கி நாக்கை நீட்டிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. அதற்கு மனசு வந்து எழுந்து போவதற்குள் அடுப்பில் கனல் தணிந்து எஞ்சின் நின்றுவிட்டது. அப்புறம் என்ன, விசிறி. விசிறி சுற்றுவது என் வேலை. அன்றைக்குக் காட்டுக்கோழிக்கு ஒரு தடவை, ஆட்டு மந்தைக்கு ஒரு தடவை, சும்மா ஒரு தடவை என்று நின்று நின்று, மத்தியானத்துக்குள் என் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. நான் காட்டிக்கொள்ளவில்லை.

மணமேல்குடி தாண்டிக் கடல் கண்ணில் பட்டபோது அவர் வண்டியை மெதுவாக்கினார். "ஏம்மா, ஒண்ணு கேக்கணும்" என்றார்.

வந்துவிட்டது என்று நினைத்தேன். கடலில் முழுகும்வரைகூடப் பொறுக்கவில்லை பார் என்று கோபம் வந்தது. "கேளுங்க" என்றேன்.

"கை ரொம்ப வலிக்குதா?"

இல்லை என்றேன். கையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். தேங்காய் எண்ணெயை எடுத்துத் தடவிவிட்டார். இந்த மனுஷரை வெறுக்கவும் முடியவில்லையே என்று எனக்கு அழுகை வந்தது. மண் பறந்து கண்ணில் விழுந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

அதற்கு மேல் ரோடு மணல் பாதைதான். கோட்டைப்பட்டினம் தாண்டி ஓரிடத்தில் கரையில் நாலைந்து பேர் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்களும் இறங்கிப் பார்த்தோம். கூப்பிடு தூரத்தில், ஆழமில்லாத தண்ணீரில், சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய முதுகு மேலே வந்து உள்ளே போயிற்று. அதை ஒட்டிச் சின்னதாக இன்னொரு முதுகு.

"ஆவுளியா. கடப்பசுன்னும் சொல்லுவோம்" என்றார் அங்கே நின்ற ஒருவர். "அடியில புல்லு கெடக்குல்ல, குட்டியக் கூட்டிக்கிட்டு மேய வந்துருக்கு."

தாய் மூச்சுவிட மேலே வந்தபோதெல்லாம் குட்டியும் வந்தது. தாய் உள்ளே போனால் அதுவும் போயிற்று. எல்லோரும் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும், கடலுக்குள் கிடக்கிற மாட்டுக்குக்கூட ஒரு கன்று கொடுத்திருக்கிறாயே சாமி என்று ஓடியது மனசு. வாயில்லா ஜீவனிடம் பொறாமைப்படுகிற அளவுக்கு ஆகிவிட்டோமே என்று என்மீதே எனக்குக் கசப்பாக இருந்தது. அவர் கடலைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முன்னால் போய் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

மீமிசலை நெருங்கியபோது வெயில் இறங்கிவிட்டது. கடல் உள்வாங்கிக் கிடந்த சேற்றுப்பரப்பில் பூநாரைகள் நின்றன. கொஞ்சமா, கண் எட்டுகிற மட்டும் நின்றன. வெள்ளையும் ரோஜா நிறமுமாக, கழுத்தைக் கவிழ்த்துச் சேற்றை அளைந்துகொண்டு, ஒற்றைக்காலில் சில, இரட்டைக்காலில் சில. எஞ்சினை அணைத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் சேற்றில் நடந்தோம். கல்யாணமான நாளிலிருந்து வெளியிடத்தில் அவர் என் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான். நான் சற்று நேரம் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன். பட்டறை, மாமியார், கீரமங்கலத்துப் பெண் எல்லாம் எங்கேயோ போய்விட்டன.

அவர் தொண்டையைச் செருமினார். "வீட்ல ஆத்தா ஒண்ணு சொல்லிவிட்டுச்சு" என்று ஆரம்பித்தார்.

அவ்வளவுதான், பூநாரைக் கூட்டம் முழுதும் ஒரே சமயத்தில் கிளம்பியது. இறக்கை அடிக்கிற சத்தத்தில் அவர் சொன்னது கேட்கவில்லை. இறக்கையின் உள்பக்கம் அப்படிச் சிவப்பாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. எது விரட்டியது என்று பார்த்தால், தூரத்தில் இரண்டு நரிகள் சேற்றில் குதித்துக் குதித்து வந்துகொண்டிருந்தன. எனக்கு நரி என்றால் சின்ன வயதிலிருந்தே பயம். அவர் கையை உதறிவிட்டுக் காரைப் பார்த்து ஓட்டம் பிடித்தேன். அவரும் பின்னால் வந்தார். ஆரம்பித்த பேச்சு அப்படியே நின்றுபோயிற்று.

கரையில் ஓர் அம்மாள் காயப்போட்ட கருவாட்டை வாரிக்கொண்டிருந்தார். நடுத்தர வயது, வெற்றிலை போட்ட வாய், உரத்த குரல். காருக்குப் பின்னால் நிற்கிற உருளையைப் பார்த்து இது குண்டு போடுகிற வண்டியா என்று கேட்டார். இல்லை, கரியில் ஓடுகிற வண்டி என்றதும் நம்பாமல் தொட்டுப் பார்த்துச் சுட்டுக்கொண்டார். அப்புறம் சிநேகமாகிவிட்டார். ஓலையில் முடைந்த ஒரு சின்னக் கொட்டான் நிறையக் கருவாட்டைப் போட்டு என்னிடம் நீட்டினார்.

"இங்கிட்டுப் படுக்கிறதுன்னா இத வெளிய வச்சுராத தாயீ. நண்டு பொறுக்க நரி வரும். கருவாட்டு வாட அடிச்சா விடாது. வண்டிக்குள்ள வச்சு நல்லா மூடிக்க."

சொன்னதோடு விடாமல், அவர்கள் வீட்டு ஆட்டுக்குட்டியை நரி தூக்கிப்போன கதையையும் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு இருந்த பயம் இரண்டு மடங்காயிற்று.

கார் அடுப்பிலிருந்தே கனல் எடுத்து மூன்று கல் கூட்டிச் சோறு பொங்கினேன். இரண்டு கருவாட்டைச் சுட்டேன். நன்றாகச் சாப்பிட்டோம். அவர் வண்டியைத் திருப்பி, முகப்பு ரோட்டைப் பார்த்தபடி நிறுத்தினார். பட்டறைக்காரர் பழக்கம் அது, கிளம்பத் தயாராக நிற்க வேண்டும். அடுப்பு கடல் பக்கம் வந்தது. கடலிலிருந்து வாடைக்காற்று வந்துகொண்டிருந்தது.

வழக்கமாக வண்டியை நிறுத்தினால் அடுப்பின் மூடிகளை எல்லாம் இறுக்கிவிடுவார். காற்றுப் போகாமல் நெருப்பு தானாக அவிந்துவிடும். அன்றைக்கு அவர் மேல்மூடியைக் கொஞ்சம் திறந்தபடி விட்டார். கனல் அப்படியே கிடக்கட்டும், காலையில் நான் அதிகம் விசிறி சுற்ற வேண்டாமே என்று. கொப்பளித்த என் கையை நினைத்துச் செய்த வேலை. என்னிடம் சொல்லவுமில்லை. அடுப்புச் சூடு எனக்கு ஆகாது என்று என்னை முன்பக்கம் தலைவைக்கச் சொல்லிவிட்டு, அவர் பின்பக்கம் தலைவைத்துப் படுத்தார்.

நான் என் பங்குக்கு, கித்தான் திரை எல்லாவற்றையும் மாட்டி ஒரு பொத்தான் விடாமல் போட்டேன். கதவுச் சந்தில் என் பழைய புடவையைக் கிழித்துச் செருகினேன். நரிக்கு மூக்கு நுழையக்கூட இடம் கொடுக்கக் கூடாது என்று எண்ணம். கருவாட்டுக் கொட்டானைப் பிரேக் மிதிக்கிற இடத்தில் வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் தலை வலிக்கிறது என்றேன். "வெயில்ல வந்தது. எனக்குந்தான் வலிக்குது, தூங்கு" என்றார். அவர் இன்னும் எதையோ சொல்ல நினைக்கிறார் என்று தெரிந்தது. கேட்க எனக்கு இஷ்டமில்லை. தூங்குகிற மாதிரிக் கண்ணை மூடினேன். நிஜமாகவே தூக்கம் வந்து அழுத்தியது.

அடுத்து எனக்குத் தெரிந்தது முகத்தில் அடித்த குளிர்காற்றுதான். கண்ணைத் திறந்தேன். கிழக்கே வெளுத்திருந்தது. ஒரு முழம் தள்ளி ஒரு நரியின் முகம்.

திரையின் கீழ்ப் பொத்தான்கள் பிய்ந்து, கித்தான் கிழிந்து தொங்கியது. அதற்குள் தலையை விட்டுக் கொட்டானைக் கவ்வி இழுத்துக்கொண்டிருந்தது. கொட்டான் பிரேக் கட்டையில் மாட்டிக்கொண்டு வரவில்லை. நானும் அதுவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கத்த நினைத்தேன், வாய் எழவில்லை. விரட்டக் கையைத் தூக்க நினைத்தேன், கை மரக்கட்டையாகக் கிடந்தது. தலைக்குள் உலக்கை போட்டு இடிக்கிற மாதிரி வலி. நரி கால்களை ஊன்றி ஓர் இழுப்பு இழுத்தது. திரை இன்னும் கிழிந்தது. கொட்டானோடு அது போய்ச் சேர்ந்தது.

கிழிசல் வழியே காற்று வரவர எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக உணர்வு வந்தது. "ஏங்க, நரிங்க" என்றேன். பதில் இல்லை. காலால் உதைத்தேன். அசையவில்லை. புருஷனைக் காலால் உதைத்த பாவம் என்று நினைக்கக்கூட நேரமில்லை. மறுபடியும் உதைத்தேன். அந்த உடம்பு போட்டது போட்டபடி கிடந்ததைப் பார்த்ததும்தான் இது தூக்கமில்லை என்று எனக்கு விளங்கியது.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. மணலில் விழுந்து வாந்தி எடுத்தேன். தவழ்ந்து போய்க் கதவைத் திறந்து, அவருடைய இரண்டு காலையும் பிடித்து இழுத்தேன். எனக்கு எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததோ. மணலில் அவரைக் கிடத்தி உலுக்கினேன், கன்னத்தில் அறைந்தேன். மூச்சு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

அப்போது நான் கத்தினேன். "ஏங்க, நீங்க இன்னொருத்தியக் கட்டிக்கங்க. நானே வந்து பொண்ணு கேக்குறேன். கண்ணத் தொறந்தாப் போதும் எனக்கு."

யாரும் கேட்காமலே, இரண்டு குடும்பங்கள் காத்திருந்த அந்த வார்த்தையை நான் கடற்கரைக்கே கேட்கும்படி சொல்லிவிட்டேன். மனசாரச் சொன்னேன். அந்த நிமிஷத்தில் அவர் யாரோடு வாழ்ந்தாலும் சரி, உயிரோடு இருந்தால் போதும் என்றிருந்தது.

சத்தம் கேட்டு அந்தக் கருவாட்டு அம்மாள் ஓடிவந்தார். கடலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஆண்கள் இரண்டு பேரும் வந்தார்கள். காற்று கறுப்பு அடித்திருக்கும் என்றார் ஒருவர். என் வீட்டுக்காரரைத் தூக்கிக்கொண்டு போய்க் காற்று நன்றாக வருகிற மேட்டில் போட்டு, சட்டையைத் தளர்த்தி, முகத்தில் தண்ணீர் அடித்து, ஓலையால் விசிறினார்கள். அந்த அம்மாள் என்னைத் தன் மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். வெயில் வந்த சமயத்தில் என் வீட்டுக்காரர் இருமினார். வாந்தி எடுத்தார். கண்ணைத் திறந்து, என்னைப் பார்த்து, அப்புறம் காரைப் பார்த்தார்.

"மூடிய எறுக்காம விட்டுட்டேன்" என்றார். அதுதான் அவருடைய முதல் வார்த்தை.

கரி கனிந்து வருகிற அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, நாற்றமும் கிடையாது. மூடின இடத்தில் ஆளைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். கரி அடுப்பு மாட்டிக்கொண்டு போகிற ஒவ்வொரு டிரைவரிடமும், "அடுப்புல கனலு இருக்கையில வண்டிக்குள்ள படுத்துராதீக" என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்புகிறவர் அவர். ஊருக்கெல்லாம் சொன்னவருக்கு, என் உள்ளங்கைக் கொப்புளத்தைப் பார்த்ததும் புத்தி மறந்துபோயிற்று. என் பங்குக்கு நான் எல்லாப் பொத்தானையும் போட்டு முடித்து வைத்தேன். எங்கள் இரண்டு பேரின் அக்கறையும் சேர்ந்து எங்களுக்குச் சமாதி கட்டப் பார்த்தது என்று பின்னால் சொல்லிச் சிரிப்போம். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

கிழிந்த திரையையும், மணலில் பதிந்திருந்த கால்தடத்தையும், சிந்திக் கிடந்த கருவாட்டையும் பார்த்துவிட்டு அந்த அம்மாள் என் கன்னத்தைத் தடவினார். "நரி மொகத்துல முழிச்சிருக்கே ஆத்தா. அது வரலைன்னா ரெண்டு பேரும் எந்திரிச்சிருக்க மாட்டீக" என்றார். நரி முகத்தில் விழித்தால் யோகம் என்று நானும் கேட்டிருக்கிறேன். வாயில் கருவாட்டுக் கொட்டானோடு வரும் என்று யாரும் சொன்னதில்லை.

அவர்கள் வீட்டு நீராகாரத்தைக் குடித்துவிட்டு ஒரு படகின் நிழலில் உட்கார்ந்திருந்தோம். அந்த அம்மாள் மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவர். "ஏந்தம்பி, இன்னொருத்தியக் கட்டிக்கன்னு இந்தப் புள்ள கத்துச்சே, அது என்ன சங்கதி?" என்று நேராகவே கேட்டார். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. அந்த அம்மாள் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, மீன் காயப்போட வேண்டும் என்று எழுந்து போனார்.

அவர் போனதும் என் வீட்டுக்காரர் பேசினார். "நீ கத்துனது என் காதுல விழுந்துச்சு. கண்ணத்தான் தொறக்க முடியல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அதக் கேக்கத்தான் ஒன்னய இம்புட்டுத் தூரம் கூட்டிட்டு வந்தேன்" என்றார்.

"தெரியும். கொல்லையில ஆத்தா சொன்னது கேட்டுச்சு."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "தெரிஞ்சுமா வழியெல்லாம் விசிறி சுத்துன?"

அதற்கு நான் என்ன பதில் சொல்வது? வண்டி ஓட வேண்டாமா? அப்படித்தான் சொன்னேன். அந்த மனுஷர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அழுகை ஓய்ந்ததும் எனக்குள் இருந்த வீம்பு எட்டிப் பார்த்தது. "இருக்கட்டும், நான் சரின்னு சொன்னது சொன்னதுதான். நாலு பேர் கேக்கச் சொல்லிருக்கேன்" என்றேன்.

"நீ சொன்ன. நான் சரின்னு சொல்லலையே" என்றார்.

அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எங்களுக்குள் வந்ததே இல்லை. அன்றைக்கு முழுவதும் கரையில் படுத்து ஓய்வெடுத்தோம். மறுநாள் அடுப்பைப் பற்றவைத்து, திரைகள் அத்தனையையும் கழற்றிச் சுருட்டிவிட்டு, தேவிபட்டினத்துக்கே போனோம். வேண்டுதலுக்கு என்று இல்லை, இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இன்னும் கொஞ்சம் கடலைப் பார்க்கலாமே என்று போனோம். விசிறியை அவரே சுற்றினார். கடலில் முழுகி எழுந்தபோது அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தொண்டி வழியாகத் திரும்பும்போது கடற்கரையில் ஏறி வந்த ஒரு பேராமையைப் பார்த்தோம், அதன் பின்னால் நடந்து நடந்தே ஒரு காலையைக் கழித்தோம்.

ஊருக்கு வந்ததும் வாசலிலேயே அம்மாவிடம் சொல்லிவிட்டார். "ஆத்தா, கீரமங்கலத்துக்காரகளுக்கு வேற எடம் பாக்கச் சொல்லிரு." மாமியார் சில நாள் என்னிடம் பேசவில்லை. கிழிந்த திரையைத் தைத்துக்கொண்டிருந்த என்னிடம் ஒரு நாள் வந்து, என்னதான் நடந்தது என்று கேட்டார். சொன்னேன். ஊசியை என் கையிலிருந்து வாங்கி மீதியை அவரே தைத்தார். அந்தக் கீரமங்கலத்துப் பெண் நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டு, பிள்ளை குட்டியோடு எங்கள் பட்டறைப் பக்கமே பஸ் ஏற வருவாள். பார்த்தால் சிரிப்பேன், அவளும் சிரிப்பாள்.

எங்களுக்குக் கடைசிவரை பிள்ளை பிறக்கவில்லை. அதில் எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் யுத்தம் முடிந்து பெட்ரோல் வந்த பிறகு, வருஷா வருஷம் மாசியில் அதே கடலோரத்துக்குப் போய்க் காரில் படுத்து எழுந்து வந்தோம். நரிக்கு என்று ஒரு பிடி கருவாட்டை மணலில் போட்டுவிட்டுத்தான் படுப்பேன். அந்த நரி பசிக்கு வந்தது, என் வாழ்க்கையைக் காப்பாற்ற வரவில்லை என்று எனக்குத் தெரியாதா என்ன. என்னைக் காப்பாற்றியவர் வேறு ஆள். கேட்க வந்த வார்த்தை தானாகக் கிடைத்தும் அதை வாங்கிக்கொள்ளாமல் திரும்பிய ஒரு மனுஷருக்கு நான் மனைவியாக இருந்தேன் என்று நினைத்துக்கொண்டால், இத்தனை வயதிலும் எனக்குத் தலை நிமிர்கிறது.